எந்த நீர்வீழ்ச்சி என்று கேட்க முதல், எந்த மாதம் என்று கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பள்ளிக்கூட விடுமுறை கிட்ட வந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் திசையே மாறிவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பகுதி ஒரே விசயத்தைத்தான் கேட்கிறது: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு நாளில் நடந்துபோய் நீர்வீழ்ச்சி பார்த்துவிட்டு வர முடியுமா? வன்னியின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் வந்திருக்கிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மகளுக்கு எட்டு வயது. பாடப்புத்தகத்தில் நீர்வீழ்ச்சியின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து “அப்பா, எப்ப கூட்டிக்கொண்டு போறீங்கள்?” என்று ஒரே நச்சரிப்பு. எனக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. மோட்டார் சைக்கிளில் விடியப் போய் இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய நீர்வீழ்ச்சி எது? கொஞ்சத் தூரம் காட்டுப்பாதையில் நடக்கவும் வேண்டுமாம் அவளுக்கு.
– ஒரு தகப்பன், கிளிநொச்சி

பதில்: முதலில் தூரத்தைப் பார்ப்போம். உண்மையான நீர்வீழ்ச்சி, அதாவது பாறையிலிருந்து ஆறு கீழே விழுகிற இடம், வன்னிக்குள் இல்லை. எங்களுக்குக் கிட்டவென்று சொல்லக்கூடியவை மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கின்றன. அவற்றில் பிள்ளையோடு போகத் தோதானது என்று நான் நினைப்பது சேர எல்ல. ஏறக்குறைய 10 மீற்றர் உயரம்தான், ஆனால் தண்ணீர்த் திரைக்குப் பின்னால் பாறை குடைந்து குகை மாதிரி இருக்கிறது, உள்ளே போய் நின்று விழுகிற தண்ணீரைப் பின்பக்கமிருந்து பார்க்கலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு நூறு மீற்றர் உயரத்திலிருந்து தூரத்தில் விழும் தண்ணீரைவிட, கைக்கெட்டும் இந்தத் தண்ணீர்தான் மனதில் நிற்கும். கடைசிப் பகுதி படியிறக்கம், நடை அதிகமில்லை. அவள் கேட்ட காட்டு வாசமும் அதில் வந்துவிடும்.

ஆனால் கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியில் வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை தாண்டி நாவுல வரைக்குமே ஏறக்குறைய 200 கிலோமீற்றர். அங்கிருந்து கிழக்கே திரும்பி உள்ளே போகவேண்டிய வளைவுப் பாதை வேறு. போகவர 400 கிலோமீற்றருக்கு மேல். எட்டு வயதுப் பிள்ளையை மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துக்கொண்டு ஒரே நாளில் இதைச் செய்யவே கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். திரும்பும்போது இருட்டிவிடும், லொறிகளும் சொகுசு பஸ்களும் பறக்கும் வீதி அது, அரைத் தூக்கத்தில் பிள்ளையின் பிடி தளர்ந்தால் உங்களுக்குத் தெரியவே வராது.

செய்யக்கூடியது இதுதான். சனிக்கிழமை பின்னேரமே வவுனியாவுக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். தூரத்தில் ஒரு நல்ல பங்கு அப்பவே குறைந்துவிடும், பிள்ளையும் நல்லாய்த் தூங்கி எழும்புவாள். ஞாயிறு விடிய நாலரைக்குப் பிறகு மாத்தளை வழியாகக் கண்டி போகும் பஸ் ஒன்றைப் பிடியுங்கள், நாவுலவில் இறங்கி ஓட்டோ பேசிக்கொள்ளுங்கள். போகவர, காத்திருக்க என்று எல்லாத்துக்கும் சேர்த்து ஏறமுதலே விலை பேசிவிட வேண்டும். அல்லது அயலில் இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒரு வாகனம் பிடித்தால் செலவும் குறையும், பிள்ளைக்குத் துணையும் கிடைக்கும். நான் இதைத்தான் விரும்புவேன், ஏனென்றால் தனியாக நடக்கும்போது “கால் நோகுது” என்று பத்து நிமிசத்துக்கொருக்கால் சொல்லும் பிள்ளை, இன்னொரு பிள்ளை முன்னால் போனால் வாயே திறக்காமல் ஏறும்.

இப்போது மாதம். நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனால் முழுக் காரியமும் அதில்தான் இருக்கிறது. அந்த மலையின் கிழக்குச் சரிவுக்கும் எங்களுக்கும் மழை தருவது ஒரே வாடைக்காற்றுத்தான். கார்த்திகை, மார்கழியில் எங்கள் குளங்கள் நிறையும்போது அங்கே நீர்வீழ்ச்சி முறுகிக்கொண்டு விழும், கிட்டவே போக ஏலாது, குகைக்குள் போவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. ஆடி, ஆவணியில் போனால் தண்ணீர் மெலிந்துபோய் இருக்கும், பிள்ளையின் முகம் வாடிப்போகும். நடுவில் இருக்கிற மாசி, பங்குனிதான் உங்களுக்கான நேரம். மழை ஓய்ந்திருக்கும், மலைக்குள் ஊறின தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும், தெளிவாகவும் இருக்கும். பங்குனி கடைசியிலிருந்து சித்திரை முழுக்கப் பின்னேரத்தில் இடியும் மின்னலுமாகத் திடீர் மழை கொட்டும். ஆகவே எந்த மாதமென்றாலும் காலையிலேயே போய்ச் சேர்ந்து, பகல் இரண்டு மணிக்கெல்லாம் தண்ணீரை விட்டு ஏறிவிடுங்கள். “இன்னும் கொஞ்ச நேரம் அப்பா” என்று அழுதாலும் சரி.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது, மாத்தளைப் பக்கமும் மண்சரிவில் மோசமாக அடிபட்ட இடம். ஒருமுறை சரிந்த சரிவு அடுத்த பெருமழைக்கும் சரியலாம். புறப்பட முதல்நாள் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுத்து, மாத்தளைக்கு மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா, பாதை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். எச்சரிக்கை இருந்தால் அந்த ஞாயிறை விட்டுவிடுங்கள். பிள்ளையிடம் காரணத்தையும் சொல்லுங்கள், விளங்கும் வயதுதான்.

கேள்வி: மாரியில் எங்கள் ஊர்க் குளம் வான் பாயும்போது ஊரே திரண்டு போய்ப் பார்க்கிறது, சிலர் குளிக்கிறார்கள், வலை வீசுகிறார்கள். நீர்வீழ்ச்சி பார்க்க அவ்வளவு தூரம் போக வசதியில்லை. மகனை அங்கே கூட்டிக்கொண்டு போனால் போதாதா? குளிக்க விடலாமா?
– துணுக்காய்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய்

பதில்: போதும், தாராளமாகப் போதும். வசதியில்லாததால் செய்கிற காரியமாக இதை நினைக்காதீர்கள் தங்கச்சி. குளம் நிறைந்து வான் பாய்கிற நாள் வன்னியில் ஒரு பெருநாள், காலபோகம் தப்பிவிட்டது என்று தகப்பனும் பேரனும் சேர்ந்து சந்தோசப்படுகிற நாள். மலைநாட்டுப் பிள்ளைக்கு இது கிடைக்காது. குளக்கட்டின் மேலால் நடந்து போங்கள், ஒரு பக்கம் அலையடிக்கிற தண்ணீர், மறுபக்கம் கீழே பச்சை வயல், துருசு எங்கே இருக்கிறது, வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, இந்தத் தண்ணீர் பாலியாற்றால் எந்தக் காட்டிலிருந்து வருகிறது என்று சொல்லிக்கொண்டே நடந்தால் இரண்டு மணித்தியாலம் போவதே தெரியாது.

ஆனால் குளிக்க விடாதீர்கள். இதை ஏன் இவ்வளவு இறுக்கமாகச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன். வானால் விழும் தண்ணீர் கீழே நேராக ஓடிவிடுவதில்லை, விழுந்த இடத்திலேயே உருண்டு திரும்பவும் கட்டுப் பக்கமாக இழுக்கும். மேலே நின்று பார்த்தால் வெள்ளை நுரை மட்டும்தான் தெரியும், உள்ளே அகப்பட்டவரை அது கீழேயும் மேலேயுமாகப் புரட்டும், நீச்சல் தெரிந்த பெரியவருக்கே வெளியே வருவது கடினம். ஓடுகிற தண்ணீர் அரை அடி ஆழம் இருந்தாலே நிற்கிற பெரிய ஆளைச் சாய்க்கும். அப்படியென்றால் பிள்ளை? வான்கட்டின் சீமெந்தில் பாசி பிடித்திருக்கும், வழுக்கினால் பிடிக்க ஒன்றுமில்லை. அப்புறம் முதலை. எங்கள் குளங்களில் முதலை இருக்கிறது, வெள்ளக் காலத்தில் அது வழமையான இடத்தில்தான் படுத்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

இரணைமடு போன்ற பெரிய குளங்களில் வான்கதவுகள் இருக்கின்றன. நீர்மட்டம் 36 அடியை நெருங்க நெருங்கக் கதவுகளைத் திறப்பார்கள், திறந்தால் கீழே கனகராயன் ஆறு சில நிமிசங்களில் வேறு ஆறாகிவிடும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒரே இரவில் வெள்ளத்தில் அமிழ்ந்ததை நேரில் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே வான் பாய்வதைக் குளக்கட்டில் நின்று பாருங்கள், அல்லது பக்கத்து மேட்டில் நின்று பாருங்கள். கீழ்ப்பக்க ஆற்றுப்படுக்கையில் நின்று பார்க்க வேண்டாம். பிள்ளையின் கையை, விரலை அல்ல, மணிக்கட்டைப் பிடித்திருங்கள்.

விரால் ஒன்று ஓட்டத்துக்கு எதிராக எழும்பிப் பாய்ந்ததை அவன் கண்டுவிட்டால் அதற்குப் பிறகு குளிப்பது ஞாபகத்துக்கே வராது. குளக்கட்டில் நின்றபடியே அதைப் பார்க்க விடுங்கள்.

கேள்வி: எனக்குப் பத்து வயது. வன்னியில் இவ்வளவு ஆறுகள் இருக்கின்றன. ஏன் ஒரு நீர்வீழ்ச்சியும் இல்லை?
– வவுனியா மாணவன்

பதில்: தம்பி, நல்ல கேள்வி. ஆறு விழ வேண்டுமென்றால் நிலம் திடீரென்று கீழே இறங்க வேண்டும். நீங்கள் இருக்கிற வவுனியா நகரமே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் தொடங்குகிற கனகராயன் ஆறு வடக்கே ஓடி, இரணைமடுவை நிரப்பி, சுண்டிக்குளத்தில் கடலேரியோடு சேர்கிறது. அவ்வளவு தூரத்துக்கும் அது இறங்குகிற மொத்த உயரமே அந்த 100 மீற்றருக்குள்தான். எங்களுடைய நாட்டின் மிக உயரமான நீர்வீழ்ச்சி பதுளை மாவட்டத்தில் இருக்கிற பம்பரகந்த, 263 மீற்றர். உங்கள் வவுனியாவின் உயரத்தைப்போல இரண்டரை மடங்கை அந்த ஆறு ஒரே பாய்ச்சலில் இறங்கிவிடுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இலங்கையின் நிலம் மூன்று படி போல அமைந்திருக்கிறது என்று புவியியலாளர்கள் சொல்வார்கள். நடுவில் நுவரெலியா, ஹோட்டன் சமவெளி இருக்கிற மேல்படி, அதைச் சுற்றி நடுப்படி, அதற்கும் வெளியே கடல்வரை விரிகிற கீழ்ப்படி. ஒரு படியிலிருந்து மற்றப் படிக்கு ஆறு இறங்குகிற விளிம்பில்தான் பெரிய நீர்வீழ்ச்சிகள் பல இருக்கின்றன. வன்னி முழுக்கக் கீழ்ப்படி. பல கோடி வருசமாக மழையும் வெயிலும் அரித்து அரித்துச் சமப்படுத்திய பழைய நிலம் இது. பெரும்பாலான இடத்தில் கீழே இருக்கிற பாறை மிகவும் உறுதியானது, பழமையானது, அதற்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயரே வன்னித் தொகுதி என்பதுதான்.

இந்தச் சமதரையால் நாங்கள் ஒன்றும் இழந்துவிடவில்லை. நிலம் இப்படி மெல்லச் சரிவதால்தான் ஒரு சிறிய மண்கட்டைப் போட்டுப் பெரிய குளத்தை மறிக்க முடிந்தது. வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் கட்டுக்கரைக்குளமும் மலைச்சரிவில் உருவாகியிருக்காது.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். மணலைக் குவித்து நடுவில் ஒரு தட்டைக் கல்லைப் புதைத்து மேலிருந்து மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். கல்லுக்கு முன்னால் இருக்கிற மணல் கரையும், கல் கரையாது, கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கல்லின் விளிம்பிலிருந்து விழத் தொடங்கும். உண்மையான நீர்வீழ்ச்சி பலவும் இப்படித்தான் உண்டாகின்றன, கடினமான பாறையும் இளகின பாறையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும்.

கேள்வி: வன்னிக்குள்ளேயே தண்ணீர் விழுகிற, ஓடுகிற இடமாக, ஒரு நாள் நடைக்கு ஏற்ற இடம் சொல்லுங்கள். மகள் பதின்மூன்று வயது, நல்லாய் நடப்பாள்.
– மாங்குளம்

பதில்: மன்னார் மாவட்டத்தில் குஞ்சுக்குளம் பக்கம் போய்ப் பாருங்கள். அருவியாற்றுக்குக் குறுக்கே தேக்கம் என்கிற பழங்காலக் கல்லணை இருக்கிறது, கட்டுக்கரைக்குளத்துக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவதற்காகக் கட்டியது. இன்றைக்கும் அந்தத் தண்ணீர்தான் அங்கே வயலுக்குப் போகிறது. பெரிய பெரிய கல்லைப் பொருத்திக் கட்டின அணை, ஆறு அளவாக ஓடுகிற நேரம் அதன் மேலால் தண்ணீர் வழிந்து விழும். ஆற்றங்கரை நெடுக மருதமரம், நிழலும் இருக்கும். தொங்குபாலமும் ஒன்று இருக்கிறது, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது தனிச் சந்தோசம்.

மாதம் இங்கேயும் தை கடைசி, மாசிதான். கார்த்திகை, மார்கழியில் அருவியாறு பெருகினால் அந்த ஊரே துண்டிக்கப்படும், அனுராதபுரத்தில் பெய்த மழை உங்களுக்கு ஒரு தூறலும் இல்லாத நாளில் வந்து சேரும். இதை மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்: தலைக்கு மேல் வானம் வெளித்திருந்தாலும், தெளிவாய் ஓடின தண்ணீர் கலங்கத் தொடங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், சத்தம் தடித்தால், அந்த நிமிசமே சாமானைக்கூடப் பார்க்காமல் கரையேற வேண்டும். மலைநாட்டு நீர்வீழ்ச்சிக்கும் இதே விதிதான்.

கல்லில் கால் வைப்பதையும் பழக்குங்கள். கறுப்பாய் மினுங்குகிற கல் பாசிக் கல், அதில் வைத்தால் போச்சு. வெளிறிப்போய், சொரசொரப்பாய்க் காய்ந்திருக்கிற கல்லைத் தேடிக் கால் வைக்க வேண்டும். முதலில் பாதி அடியை வைத்துப் பாரத்தைக் கொஞ்சம் கொடுத்து, அசையவில்லை என்றால்தான் முழுக்க ஊன்ற வேண்டும். பாட்டா செருப்போடு ஆற்றுக்குள் இறங்கவே கூடாது. பழைய பள்ளிக்கூடச் சப்பாத்து இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு நனையட்டும் என்று விடுங்கள்.

விடியவும் பின்னேரமும் அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. ஒன்பது மணிக்குப் பிறகு போய் நாலு மணிக்கு முதல் பிரதான வீதிக்கு வந்துவிடுங்கள், ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், அவர்கள் “இன்றைக்கு வேண்டாம்” என்றால் ஏன் என்று வாதாடாமல் திரும்புங்கள்.

கேள்வி: எங்கள் காணிக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு ஓடை இருக்கிறது. மழைக்குப் பாறையில் சின்ன நீர்வீழ்ச்சி மாதிரி விழும் என்று முந்தி இருந்தவர்கள் சொல்கிறார்கள். மகன் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். போகலாமா?
– புதுக்குடியிருப்புப் பக்கம்

பதில்: அந்தக் காடு மிதிவெடி அகற்றி ஒப்படைத்த இடமா என்று கிராம அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு அடியும் வைக்காதீர்கள். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது, ஏராளமான நிலம் துப்புரவாக்கப்பட்டிருக்கிறது, அந்த வேலையைச் செய்கிறவர்களில் பெரும்பகுதி எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும்தான், அவர்களை நினைத்தால் எனக்கு எப்போதும் மனம் நெகிழும். ஆனாலும் வேலை முடியவில்லை. வெள்ளம் மண்ணை அரிக்கிற ஓடைக்கரை இன்னும் கவனம் வேண்டிய இடம், வெடிக்காமல் கிடந்ததைத் தண்ணீர் வெளியே கொண்டுவந்து துப்புரவான இடத்திலும் போட்டுவிடும்.

மகனுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருந்தால் அதற்கு அப்பால் போகக்கூடாது. தெரியாத இரும்புச் சாமானைக் கண்டால் தொடக்கூடாது, கல்லால் எறிந்து பார்க்கக்கூடாது, நின்ற இடத்தில் நின்று, வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து பெரிய ஆளிடம் சொல்ல வேண்டும். பயமுறுத்துகிற குரலில் சொல்லத் தேவையில்லை, வீதியைக் கடக்கப் பழக்குகிற குரலில் சொன்னால் போதும்.

துப்புரவான இடம் என்று உறுதியானால், ஒரு மழை விட்டு இரண்டாம் நாள் காலை, அந்தக் காட்டுக்குள் வழமையாகத் தேன் எடுக்க, விறகு எடுக்கப் போகிற ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவர்கள் நடக்கிற பாதையிலேயே போங்கள். எப்படியிருந்தது என்று எழுதுங்கள், ஆவலாய் இருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் மாத்தளைப் பக்கம் போக ஆயத்தம். அட்டைக் கடிக்கு என்ன செய்வது? சாப்பாட்டுக்கு என்ன கொண்டு போகலாம்? மகள் ஒரு புழுவைக் கண்டாலே கத்துவாள்.
– முல்லைத்தீவு

பதில்: மழை விட்ட கையோடு போனால் அட்டை நிச்சயம், காய்ந்த பங்குனியில் போனால் மிகக் குறைவு. நீளக் காற்சட்டையை மேசுக்குள் செருகி விடுங்கள். மேசுக்கு வெளியே சவர்க்காரத்தையோ சித்தாலேபவையோ பூசினால் ஏறுவது குறையும், நனைந்தால் திரும்பப் பூச வேண்டும். கடித்துக்கொண்டிருப்பதைப் பிடித்து இழுக்காதீர்கள். மெல்லிய முனைப் பக்கம்தான் வாய், அதற்குப் பக்கத்தில் தோலோடு ஒட்ட நகத்தை வைத்து மெல்லத் தள்ளினால் வாய் கழன்றுவிடும், பிறகு தடித்த முனையையும் அப்படியே கழற்றித் தட்டிவிடலாம். இரத்தம் கனநேரம் நிற்காமல் கசியும், அது அட்டையின் எச்சில் இரத்தத்தை உறையவிடாமல் செய்வதால்தான், ஆபத்தில்லை. கழுவி, துணியை வைத்து அமத்திப் பிடியுங்கள்.

பிள்ளையிடம் இதைப் போக முதலே சொல்லி, முடிந்தால் உங்கள் காலில் ஏறின ஒன்றை அவள் பார்க்க நீங்களே அமைதியாகக் கழற்றிக் காட்டுங்கள். நீங்கள் கத்தாவிட்டால் அவளும் கத்தமாட்டாள்.

சாப்பாட்டையும் கேட்டிருந்தீர்கள். தேங்காய்ப்பூ ரொட்டியும் கட்டைச்சம்பலும் பழுதாகாது, கையில் வைத்துச் சாப்பிடலாம், சோற்றுப் பார்சலைவிட நல்லது. கச்சானும் எள்ளுருண்டையும் நடுவில் கொடுக்க. தண்ணீர் ஆளுக்கு இரண்டு போத்தல், ஒரு ஜீவனிப் பக்கற், மாற்று உடுப்பு, ஒரு விசில். விசிலைப் பிள்ளையின் கழுத்தில் போட்டு, காணாமல் போனால் நடக்காமல் நின்ற இடத்திலேயே நின்று ஊத வேண்டும் என்று சொல்லுங்கள். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ். மலைக்குள் சில இடங்களில் தொலைபேசி வேலை செய்யாது, ஆகவே எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: கனடாவிலிருந்து மகளும் பேரனும் ஆடி மாத விடுமுறைக்கு வருகிறார்கள். பேரனுக்கு நீர்வீழ்ச்சி காட்ட வேண்டும் என்று மகளுக்கு ஆசை. ஒட்டுசுட்டானில் இருந்து எங்கே கூட்டிப்போகலாம்?
– ஒரு தாத்தா

பதில்: ஐயா, ஆடியில் எங்கள் பக்கம் கச்சான் காற்றுத்தான், பேராறு மணலாய்க் கிடக்கும், மாத்தளைக் கிழக்குச் சரிவும் காய்ந்திருக்கும். அந்த நேரம் மழை மலையின் மேற்குப் பக்கத்தில். றம்பொடை நீர்வீழ்ச்சி, 109 மீற்றர், கண்டியிலிருந்து நுவரெலியா போகிற பாதையிலேயே தெரியும். தலவாக்கலைப் பக்கம் டெவன் நீர்வீழ்ச்சி, 97 மீற்றர். இரண்டுமே அப்போது நிறைந்து விழும். அந்தப் பக்கத் தோட்டங்களில் எங்களுடைய மொழி பேசுகிற சனங்கள் இருக்கிறார்கள், வழி கேட்பதற்கு ஒரு கரைச்சலும் இல்லை. ஆனால் ஒட்டுசுட்டானிலிருந்து இது ஒரு நாள் பயணமில்லை, கண்டியில் ஒரு இரவு தங்க வேண்டும், உங்கள் வயதுக்கு இரண்டு இரவு என்றால் இன்னும் நல்லது. போகிற வழியில் நாவுலவுக்குத் தெற்கே நாலந்தா கெடிகேயில் ஒரு அரை மணித்தியாலம் இறங்குங்கள், திராவிடக் கட்டடப் பாணியில் முழுக்கக் கல்லாலான பழைய கோயில் அது, பேரனுக்கும் காட்டலாம், உங்கள் முழங்காலுக்கும் ஓய்வு கிடைக்கும்.

பேரன் ஆனிக் கடைசியிலேயே வருகிறான் என்றால் முதல் கிழமை ஊரிலேயே வைத்திருங்கள். பாலைப்பழம் அப்போதும் கிடைக்கும். மரத்தடியில் பொறுக்கிச் சாப்பிட்டு உதடு இரண்டும் பசையாய் ஒட்டிக்கொள்வதை அவன் எந்த நாட்டிலும் அனுபவித்திருக்கமாட்டான். பின்னேரம் வெயில் தாழ முத்தையன்கட்டுக் குளக்கட்டில் நடங்கள், தண்ணீர் வற்றின அலைகரையில் கொக்கும் நாரையும் கூட்டமாய் நிற்கும்.

வருகிற திகதியை நீங்கள் எழுதவில்லை. பேரனின் வயதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள், பாதையையும் தங்குமிடத்தையும் வைத்து ஒரு திட்டம் போட்டுத் தருகிறேன்.